நாய்க்கும் பேய் பிடித்ததா?

கல்லீரல் அடியோடு கெட்டுப் படுத்திருக்கும் ஒருவர் திடீரென்று பிதற்ற ஆரம்பிக்கின்றார். பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் விழிக்கின்றார். கையை நீட்டச் சொன்னால் அது பறவையின் சிறகுபோல் அடித்துக்கொள்ளுகின்றது. வியாதி முற்றினால் சிலருக்கு வலிப்புக் காண்பதும், அபூர்வமாகக் கருவிழிகள் கீழ்நோக்கியோ ஒரு பக்கமாகவோ செருகி நின்றுவிடுவதும் உண்டு. உடனே வீட்டார் "பேய் பிடித்துவிட்டது" என்று பூசாரிக்கு ஆள் அனுப்புகின்றார்கள். வேப்பிலையும் விபூதியும் வந்து சேருகின்றன. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நேரம் போய்விடுகின்றது.

இவர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். 1893-ஆம் வருஷம் ரஷ்யாவில் பாவ்லோவ் முதலிய ஆராய்ச்சிக்காரர்கள், குடலிலிருந்து வரும் இரத்தம் கல்லீரலுக்குப் போகாதபடி சில நாய்களுக்கு இரத்தக்குழாயைத் திருப்பிவிட்டார்கள். அந்நாய்கள் இறைச்சி தின்றதும் வெறிகொண்டன, தள்ளாடின, வலிப்புக் கண்டு மயங்கி விழுந்தன. அந்த நாய்களுக்கும் பேய் பிடித்ததா? அவை எந்தச் சாமிக்கு நேர்த்திக்கடன் பாக்கி வைத்திருந்தன?

சங்கதி இவ்வளவுதான். நாம் தின்னும் உணவிலிருந்து குடலில் அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகின்றது. நல்ல கல்லீரல் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் போகச் செய்கின்றது. கெட்ட கல்லீரலுக்கு அந்தச் சக்தியில்லை. ஆதலால் அந்நஞ்சும் அதுபோன்ற வேறு சில நஞ்சுகளும் மூளைக்கு ஏறுகின்றன. மலச்சிக்கலும், வயிற்றில் இரத்தக் கசிவும், சீழ்க்காய்ச்சலும் இதை அதிகமாக்கும். இரத்தத்தில் சர்க்கரை குறைந்தாலும், மூளை வீங்கினாலும் வலிப்பு வரும்.

இதற்கு 1966 முதல் கொடுக்கப்பட்டுவரும் மருந்து லாக்டுலோஸ் என்னும் இனிப்புப் பாகு. அது மலத்தை இளக்கி அம்மோனியாவை வெளியேற்றுகின்றது. காலத்தில் கொடுத்து, கோளாறைக் கிளப்பிய காரணத்தையும் கவனித்தால் அநேகருக்குப் புத்தி தெளிகின்றது. மலம் கழிந்தால் ஓடிப்போகும் பேய் என்ன பேய்? அதை ஓட்டப் பூசாரிக்குக் கோழியும் சாராயமும் எதற்கு?

பேய் என்னாத வேறு சிலர், "குடித்துவிட்டு உளறுகின்றான், கிடக்கட்டும்" என்று விட்டுவிடுகின்றார்கள். இதுவும் அதற்குக் குறையாத மூடத்தனமேயாகும். குடியாத மனிதருக்கும் மஞ்சள்காமாலைக் கிருமியால் கல்லீரல் கெடுகின்றது.

ஆகவே தோழர்களே! கல்லீரல் நோயாளியின் பேச்சு தடுமாறினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தூக்க மாத்திரை கொடுக்காதீர்கள். வலிப்பின்போது வாயில் எதையும் ஊற்றாதீர்கள். குழந்தைகளுக்கு மஞ்சள்காமாலை பி தடுப்பூசி போடுங்கள்.

பூசாரிக்கு வலிப்பு வந்தால் அவர் வீட்டார் எங்கே ஓடுகின்றார்கள் என்பதையும் ஒருமுறை கவனித்துப் பாருங்கள்.