விற்கும் கைக்கு ஒரு சீட்டு: பழைய நகைக்கும் காசுக்கும் நியாய விலை கோரும் மனு

அனுப்புநர்
பட்டாசுத் தொழிலாளர் குடும்பப் பெண்களின் சங்கத்தார்,
வெம்பக்கோட்டை, விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், விருதுநகர்.

வழி: வட்டாட்சியர் அவர்கள், வெம்பக்கோட்டை.

நகல்: தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்), விருதுநகர், இந்தியத் தர நிர்ணய அமைவனம், மதுரைக் கிளை.

நாள்: நவம்பர் 2025

பொருள்: பழைய தங்க நகை, காசு விற்போருக்கு எடை, மாற்று (தங்கத்தின் தூய்மை), கழிவு, விலை ஆகியவற்றை எழுதிய சீட்டு கட்டாயம் கிடைக்க வழிசெய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

தீபாவளி கழிந்து, பட்டாசு ஆலைகளில் வேலை சுருங்கிக் கிடக்கும் வாரங்கள் இவை. மழை பிடித்தால் மருந்து காயாது. அந்த நாட்களில் கூலியும் இல்லை. பள்ளிக்கட்டணமும் வட்டியும் மழைக்காக நிற்பதில்லை. ஆகவே எங்கள் பெண்கள் சங்கிலியையோ தோட்டையோ முந்தானையில் முடிந்துகொண்டு சாத்தூருக்கும் சிவகாசிக்கும் பேருந்து ஏறுகிறார்கள். 2018 அக்டோபர் 23 அன்று பட்டாசு பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோதும் இப்படித்தான் ஏறினார்கள். 2021 பிப்ரவரியில் அச்சன்குளம் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அப்படி ஒரு விபத்து நடந்தால் ஆஸ்பத்திரி வாசலில் முதலில் கழல்வது காதில் கிடப்பதுதான். எங்களுக்கு நகை என்பது அலங்காரம் பாதி, வைப்புநிதி மீதி. அந்த வைப்புநிதியை எடுக்கப் போகும் இடத்தில் எழுத்து என்று ஒன்று இல்லை என்பதே இந்த மனுவின் குறை.

நடந்த ஒன்றைச் சொல்கிறோம். கடையின் பெயரை எழுதவில்லை. ஒரு கடையைத் தண்டிப்பது எங்கள் நோக்கமல்ல. எங்கள் உறுப்பினர் ஒருவர் கடந்த மாதம் ஒரு சங்கிலியை விற்கப் போனார். கூட்டுறவுச் சங்கத்தில் முன்பு அடகு வைத்து மீட்ட சங்கிலி அது; அந்தச் சீட்டில் எடை 15.950 கிராம். முதல் கடைத் தராசில் 15.850 காட்டியது. அதில் அழுக்குக்கும் பொடிக்கும் 600 மில்லி கழித்தார்கள். உரைகல்லில் இரண்டு இழுப்பு இழுத்து, “மாற்று கம்மி” என்று கிராமுக்கு 9,800 ரூபாய் சொன்னார்கள். கணக்குப் போட்டால் 1,49,450 ரூபாய். அவர் மனம் ஒப்பாமல் வெளியே வந்து வேறொரு கடைக்குப் போனார். அங்கே எடை 15.940, கழிவு 40 மில்லி, கிராமுக்கு 10,300. தொகை 1,63,770 ரூபாய். ஒரே நாள், ஒரே சங்கிலி, ஒரே ஊர். வித்தியாசம் 14,320 ரூபாய். எங்களில் பலருக்கு அது ஒரு மாதக் கூலி. இரண்டாவது கடைக்கு நடக்கத் துணிந்ததால் அவர் தப்பினார். ஆஸ்பத்திரியில் ஆள் கிடக்கும்போது யார் இரண்டாவது கடைக்கு நடக்கிறார்கள்?

விலை ஏறியதால் இந்தக் கேடும் பெருத்துவிட்டது. 2025 தொடக்கத்தில் ஒரு பவுன் 58,000 ரூபாய்க்குக் கீழே இருந்தது. அக்டோபரில் 90,000 ரூபாயைத் தாண்டியது. பவுன் 90,000 என்றால் 100 மில்லி 1,125 ரூபாய். முன்பு “போனால் போகிறது” என்று விட்ட பொடிக் கழிவு, இன்று வீட்டுக்கு ஒரு வார அரிசி பருப்பு.

வணிகர் பக்க நியாயத்தையும் நாங்கள் மறுக்கவில்லை. பழைய நகையை உருக்கினால் எடை குறையத்தான் செய்யும். பற்றவைத்த இடங்களில் பொடி இருக்கும். அட்டிகைக்குள் அரக்கு இருக்கும். கல்லுக்குத் தங்க விலை கேட்க முடியாது. செய்கூலியும் சேதாரமும் வாங்கும்போது கொடுத்தவை, திரும்பி வராதவை என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் எதற்கு எவ்வளவு என்று சொல்ல வேண்டாமா? பட்டறையில் கூட்டிய குப்பையையே விலை கொடுத்து வாங்கி, அரித்துப் பொன் எடுக்கிற தொழில் இது. அங்கே “அழுக்கு” என்று கழித்தது குப்பைக்குப் போவதில்லை. பொடி வைத்துப் பேசுவது என்ற வழக்கே தட்டார் பட்டறையிலிருந்து வந்தது என்பார்கள். எங்களுக்கு வேண்டியது பொடி வைக்காத பேச்சு.

இனி, சட்டம் எங்களை எந்த இடத்தில் கைவிடுகிறது என்பதைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறோம். புதிய நகை வாங்கப் போனால் எங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. 2021 ஜூன் 16 முதல் ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க அடையாள எண் இல்லாத நகையைக் கடைக்காரர் விற்கக் கூடாது. முத்திரையில் சொன்ன மாற்று குறைந்தால், குறைந்த மதிப்பைப்போல் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் தரவேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அடகு வைக்கப் போனாலும் விதி உண்டு. அடகுக் கடைக்காரர் சீட்டு தந்தே ஆகவேண்டும். வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கி 2025 ஜூன் 6 அன்று தந்த நெறிமுறைகள், கடன் வாங்குபவர் முன்னிலையில் நகையைச் சோதிக்க வேண்டும், கழிவை விளக்க வேண்டும், எடையும் மாற்றும் எழுதிய சான்று தர வேண்டும் என்கின்றன. அவை முழுமையாக நடைமுறைக்கு வர 2026 ஏப்ரல் 1 கெடுவாக வைக்கப்பட்டது.

அதே நகையை விற்கப் போனால் இவற்றில் எதுவும் கூட வருவதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளை வாங்குபவரையும் சேவையைப் பெறுபவரையும்தான் நுகர்வோர் என்கிறது. பழைய நகையைப் பணத்துக்கு விற்கும் பெண் அந்தச் சட்டத்தின் கண்ணில் விற்பனையாளர், கடைக்காரர்தான் வாங்குபவர்! உரைகல்லும் தராசும் கணிப்பானும் அவர் மேசையில். எங்களிடம் இருப்பது அவசரம் மட்டும். திருட்டு நகையாக இருக்குமோ என்று எங்கள் ஆதார் நகலையும் கையெழுத்தையும் வாங்கிக்கொள்கிறார்கள். அது சரியே. பதிலுக்கு எங்கள் கையில் கடைப் பெயரோடு ஒரு துண்டுச் சீட்டும் வருவதில்லை.

எனவே எங்கள் தலையாய கோரிக்கை அந்தச் சீட்டுதான். மாவட்டத்தில் பழைய தங்கம் வாங்கும் ஒவ்வொரு கடையும், விற்பவர் ஒப்புக்கொள்வதற்கு முன்பே, மொத்த எடை, கல், அரக்கு, பொடி ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கழிவு, மாற்று எவ்வளவு, அது உரைகல்லில் பார்த்ததா இயந்திரத்தில் பார்த்ததா உருக்கிப் பார்த்ததா, அன்றைய சந்தை விலை, கடை தரும் விலை ஆகியவற்றை எழுதி, கடைப் பெயருடன் தரவேண்டும். விற்க மனமில்லை என்றால் நகையோடு அந்தச் சீட்டையும் எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகும் உரிமை வேண்டும். இதற்குத் தனிச் சட்டம் வேண்டும் என்றால் அது சென்னையிலும் டெல்லியிலும் நடக்க வேண்டிய வேலை. தங்கள் பரிந்துரையை அங்கே அனுப்பக் கோருகிறோம். அதுவரை, நகை வணிகர்களையும் எங்களையும் ஒரே மேசையில் அமர்த்தி, மாவட்ட அளவில் ஓர் உடன்பாடு காண முடியும். நாடு முழுவதற்கும் நாள்காட்டி அச்சடித்துத் தருகிற சிவகாசிக்கு இந்தச் சீட்டை அச்சடிப்பது பெரிய காரியமல்ல.

உருக்குவதைப் பற்றியும் ஒரு சொல். இயந்திரம் மேற்பரப்பைத்தான் படிக்கிறது. ஆகவே சில கடைகள் உருக்கிப் பார்க்க வேண்டும் என்கின்றன. உருக்கிவிட்டால் சங்கிலி கட்டியாகிவிடும், ஹால்மார்க்கும் போய்விடும். அதன்பின் எங்களுக்குப் பேரம் ஏது? எழுத்தில் சம்மதம் வாங்காமல், விற்பவர் கண்ணெதிரே அல்லாமல், உருக்கக் கூடாது.

தராசு தொடர்பாகத் தொழிலாளர் துறைக்கு எங்கள் வேண்டுகோள்: 2009-ஆம் ஆண்டு எடையளவுச் சட்டப்படி மின்னணுத் தராசுகளை ஆண்டுதோறும் சரிபார்த்து முத்திரையிட வேண்டும். பழைய நகை வாங்கும் சிறு கடைகளையும் அடகுக் கடைகளையும் தீபாவளிக்குப் பிந்தைய இந்த இரண்டு மாதங்களில் முன்னறிவிப்பின்றி ஆய்வு செய்யுங்கள். முத்திரைச் சான்று விற்பவர் கண்ணில் படும்படி தொங்கட்டும். தராசின் எண்கள் எங்கள் பக்கமும் தெரியட்டும்.

கடைக்குப் போகுமுன் எங்கள் பொருளின் மாற்று எங்களுக்கே தெரிந்திருந்தால் பாதிச் சண்டை தீரும். அங்கீகரிக்கப்பட்ட ஹால்மார்க் மையங்களில் பொதுமக்கள் 200 ரூபாய் கட்டணத்தில் நான்கு உருப்படிகள் வரை சோதிக்கலாம் என்ற ஏற்பாடு இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் கேட்டபோது இதை அறிந்தவர் இருவர். மாவட்டத்திலும் அருகிலும் உள்ள மையங்களின் முகவரியை வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஒன்றிய அலுவலகத்திலும் நியாயவிலைக் கடைகளிலும் எழுதி வைக்கக் கோருகிறோம். இதைவிட எளிய வழியும் ஒன்று உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் நகை மதிப்பீட்டாளர் இருக்கிறார். 2021-இல் 5 பவுன் வரையிலான கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டபோது, கிராமத்து நகை எவ்வளவு அங்கே போய் வருகிறது என்பது ஊருக்கே தெரிந்தது. கடன் வாங்காதவருக்கும் சிறு கட்டணத்தில் எடை, மாற்றுச் சீட்டு தர அந்த மதிப்பீட்டாளரை அனுமதித்தால், வெம்பக்கோட்டைப் பெண் பேருந்து ஏறுமுன்பே கையில் கணக்கு இருக்கும்.

வரியின் பெயரால் நடக்கும் பிடித்தத்தையும் நிறுத்த வேண்டும். வீட்டுப் பெண் தன் பழைய நகையைக் கடைக்கு விற்பதற்கு ஜிஎஸ்டி இல்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2017 ஜூலையிலேயே விளக்கிவிட்டது. புதிய நகைக்குரிய 3 விழுக்காட்டை எங்கள் பழைய நகையில் கழிப்பதற்கு எந்தக் கணக்கும் இல்லை. பணத்தை வங்கிக் கணக்கில் செலுத்துவதையே வழக்கமாக்கவும் வேண்டும். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்பது வணிகர்களுக்குத் தெரியும். அப்படியிருந்தும் லட்ச ரூபாயை ரொக்கமாகவே தர முன்வருகிறவர், அந்த வாங்கலை எந்தப் புத்தகத்தில் எழுதுவார்?

காசுகளின் கதை வேறு. சீருக்கும் முதலீட்டுக்கும் வங்கியில் வாங்கிய 24 காரட் காசை விற்ற வங்கியே திரும்ப வாங்குவதில்லை. கடைக்குக் கொண்டுபோனால், உறை பிரிந்துவிட்டது என்று 22 காரட் விலை சொல்கிறார்கள். காசில் கல்லும் இல்லை, பொடியும் இல்லை. கழிவு என்று சொல்ல எதுவுமே இல்லை. பாட்டிமார் வைத்திருந்த ராணி தலை, ராஜா தலைப் பவுன்கள் இன்னொரு வகை. 7.99 கிராம் எடையும் 22 காரட் மாற்றும் கொண்ட அந்தக் காசிலிருந்துதான் சவரன் என்ற சொல்லே நமக்கு வந்தது. 1918-இல் பம்பாய் அக்கசாலையிலும் அவை அச்சாயின. சேகரிப்பாளர்கள் தங்க விலைக்கு மேலும் தரக்கூடிய காசுகளை எங்கள் ஊர்ப் பெண்கள் உருக்குக் கணக்கில் கொடுத்துவிட்டு வருகிறார்கள். நூறாண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். அதை வைத்திருப்பவர் என்ன செய்யலாம், எங்கே கேட்கலாம் என்று ஒரு பக்கத் தமிழ்த் துண்டறிக்கை வேண்டும்.

இந்தத் துண்டறிக்கை வேறு வட்டாரத்தைவிட எங்களுக்கு அதிகம் தேவை. வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளத்தில் 2022 முதல் மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்து, சங்கு வளையல்களோடும் மணிகளோடும் பொன் அணிகளையும் எடுத்திருக்கிறது. இந்த மண்ணை உழுகிறவர் கலப்பையில் நாளை ஒரு காசு படலாம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். உரிமை கோருவோர் இல்லாதபோது கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் அதில் பங்கு உண்டு என்பதும் அதே சட்டம்தான். முதல் பாதி மட்டும் ஊரில் பரவியிருக்கிறது. அதனால் பயந்தவர் உருக்கிவிடுகிறார். இரண்டாம் பாதியையும் அந்தத் துண்டறிக்கையில் சேர்த்துவிட வேண்டுகிறோம்.

கடைசியாக, எங்கள் வட்டத்துக்கென்று ஒரு நாள் ஒதுக்கி, தொழிலாளர் துறை, கூட்டுறவுத் துறை, தர நிர்ணய அமைவனம், நகை வணிகர்கள் ஆகியோருடன் வெம்பக்கோட்டையிலேயே கூட்டம் நடத்தக் கோருகிறோம். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளுக்கு விருதுநகர் வந்து போனால் எங்களுக்கு ஒரு நாள் கூலி போகிறது. ஆலை வேலை முழுவீச்சில் தொடங்குமுன் அந்த நாள் அமைந்தால் எல்லோரும் வர முடியும்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர்கள்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் பின்பக்கம்)

இணைப்பு:
1. கூட்டுறவுச் சங்க அடகுச் சீட்டின் நகல்.
2. மேலே சொன்ன முதல் கடையில் கணக்குப் போட்டுக் கொடுத்த நாள்காட்டித் தாளின் நகல். அதில் கடைப் பெயரோ கையெழுத்தோ இல்லை. தேதி மட்டும் அச்சில் இருக்கிறது.