புகைப் பெட்டியில் சிக்கனமா?

பெங்களூர் பழைய விமான நிலையச் சாலையில் உள்ள கார்ல்டன் டவர்ஸ் கட்டடத்தில் 2010 பிப்ரவரி 23ந் தேதி தீப்பிடித்தது. ஒன்பது பேர் மாண்டனர். மூச்சுத் திணறியவர்கள் சிலர்; புகைக்குப் பயந்து மாடியிலிருந்து குதித்தவர்கள் சிலர். அவர்களுக்கு எமனாக வந்தது நெருப்பைவிடப் புகையே.

இன்று பெரிய கட்டடங்களில் புகையை வெளியேற்ற விசிறிகள் வைக்கிறார்கள். அடித்தளத்தில் தீப்பிடித்தால் மணிக்கு 12 முறை காற்று மாற வேண்டும், விசிறி 250 டிகிரி வெப்பத்தை இரண்டு மணி நேரம் தாங்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதிகள் கூறுகின்றன. விசிறியை நல்லதாக வாங்கிவிட்டு, அதை இயக்கும் கண்ட்ரோல் பேனலை மட்டும் மிகக் குறைந்த டெண்டர்காரரிடம் வாங்குவது என்ன நியாயம்?

மலிவான பேனலில் பொத்தானை அழுத்தியதுமே பச்சை விளக்கு எரியும். விசிறி சுற்றியதா என்று அதற்குத் தெரியாது. பெல்ட் அறுந்து கிடந்தாலும் பச்சைதான்! காற்று உண்மையிலேயே ஓடுகிறதா, புகைக் கதவு முழுதும் திறந்ததா என்று அறிந்து விளக்கேற்றும் பேனலே வேண்டும். நடுவில் ஒயர் அறுந்தால் அன்றைக்கே மணி அடித்துச் சொல்ல வேண்டும். தீ என்றதும் ஏ.சி. விசிறியை அது நிறுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் ஏ.சி. குழாயே புகையை எல்லா அறைக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிடும். 1997ல் டில்லி உபஹார் தியேட்டரில் 59 பேரைக் கொன்றதும் புகைதான்.

மெயின் சுவிட்சை அணைத்தாலும் பேனலுக்கு மின்சாரம் வர வேண்டும். தீயணைப்புப் படையினர் கையால் இயக்கும் சுவிட்ச் தரைத்தளத்தில், வாசலருகே இருக்க வேண்டும். புகை சூழும் அடித்தளத்தில் வைத்துப் பயனில்லை.

நான் வேலை பார்த்த ஒரு கட்டடத்தில், இரைச்சல் தாங்கவில்லை என்று அந்தச் சுவிட்சை நிறுத்தி வைத்திருந்தார்கள். சாவி மானேஜரின் மேஜை டிராயரில். இரவில் பேனலருகே இருந்தவரோ, தருமபுரியிலிருந்து வந்த காவலாளி. பேனலில் இருந்த எழுத்துக்கள் அத்தனையும் ஆங்கிலம். கன்னடத்திலும், காவலாளி படிக்கத் தெரிந்த மொழியிலும் ஒரு அட்டை ஒட்ட எவ்வளவு செலவாகிவிடும்?

குடியிருப்போர் சங்கத்திலோ அலுவலகத்திலோ டெண்டர் பேச்சு எழுந்தால் நம்மவர்கள் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. விசிறியைச் சுற்ற விட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிறகு அதன் ஒயரைக் கழற்றி, பேனல் என்ன செய்கிறது என்றும் காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு பில்லில் கையெழுத்துப் போடலாம்.