சூப்பில் என்ன இருக்கிறது?

லண்டன், ஈஸ்ட் ஹாம்

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் பெரியோர்களுக்கும், பிள்ளைகளைக் கடல்கடந்து அனுப்பும் ஏற்பாட்டில் இருக்கும் தாய் தந்தையர்க்கும், உங்களில் ஒருவனாகப் பிறந்து பிழைப்பின் நிமித்தம் இவ்விடம் வந்து தங்கிவிட்டவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

 

ஒவ்வோர் ஆண்டும் ஆவணி கடைசியில், கல்லூரிகள் திறக்கும் பருவத்தில், நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இங்கே வந்து இறங்குகிறார்கள். அவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. ஐஇஎல்டிஎஸ் பரீட்சையில் நகரங்களின் ஜனநெருக்கத்தைப் பற்றியும் விஞ்ஞான வளர்ச்சியின் நன்மை தீமைகளைப் பற்றியும் இலக்கணப் பிழையின்றி வியாசம் எழுதி, அதற்குரிய மதிப்பெண்ணும் பெற்று, விசாவும் வாங்கி வந்தவர்கள் அவர்கள். ஆயினும், நாலு பேர் கூடி உண்ணும் ஒரு போஜனசாலையில் உட்கார்த்திக் கையில் பதார்த்தப் பட்டியலைக் கொடுத்துவிட்டால், அந்தப் பாண்டித்தியம் முழுவதும் எங்கேயோ போய் ஒளிந்துகொள்கிறது. பக்கத்தில் இருப்பவன் எதைக் கேட்டானோ அதையே தனக்கும் கொண்டுவரச் சொல்லித் தப்பித்துக்கொள்வது பலருக்கு வழக்கமாகிவிட்டது.

சென்ற கிறிஸ்துமஸை ஒட்டி நடந்த ஓர் அலுவலக விருந்தில், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த நம் பக்கத்துப் பிள்ளை ஒருவன் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். கோழியும் ஆடும் உண்பவன். மாட்டிறைச்சியை மாத்திரம் வீட்டு வழக்கப்படி தொடாதவன். பட்டியலில் வெங்காய சூப் என்று கண்டதும், வெங்காயத்தினால் என்ன விபரீதம் நேர்ந்துவிடப் போகிறது என்று எண்ணி அதையே வரவழைத்தான். பிரெஞ்சு முறையில் செய்யும் வெங்காய சூப்புக்கு மாட்டெலும்பைக் கொதிக்கவைத்து எடுத்த சாறே பெரும்பாலும் ஆதாரம் என்பதை அவன் அறிய நியாயமில்லை. ஆனால் அவன் மூக்கு அறிந்துவிட்டது. கரண்டியை உள்ளே விடுவதும் எடுப்பதுமாக இருந்தானே தவிர, வாயருகே கொண்டுபோகவில்லை. மேலே மிதந்த ரொட்டித் துண்டின்மீது உருகியிருந்த சீஸ் ஆறி இறுகிப்போகும் வரையில், பரிமாறும் பெண்ணை ஒரு வார்த்தை அவன் கேட்கவில்லை. நான் தமிழில் மெல்ல, "கேளேன் தம்பி" என்றேன். "வேண்டாம் சார், என்ன நெனச்சுக்குவாங்க" என்றான். பிறகு நானே அவளை அழைத்து, இதன் சாறு எதில் எடுத்தது என்று விசாரித்தேன். "பீஃப்" என்றவள், மன்னிப்பும் கேட்டுக்கொண்டு, கிண்ணத்தை எடுத்துப்போய், சற்று நேரத்தில் தக்காளி சூப் கொண்டுவந்து வைத்தாள். அவள் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. மேஜையைச் சுற்றியிருந்தவர்களில் எவரும் தம் பேச்சை நிறுத்திக்கூடப் பார்க்கவில்லை.

நம் பிள்ளைகளின் நாவைக் கட்டுவது இந்த 'என்ன நெனச்சுக்குவாங்க'தான்; இலக்கணக் குறைவு அன்று. இந்தச் சங்கோசத்துக்குப் பூர்வ சரித்திரமும் உண்டு. 1888-இல் சட்டம் பயில லண்டன் வந்த காந்தியடிகள், ஹோபர்ன் போஜனசாலையில் நண்பர் ஒருவருடன் உண்ண உட்கார்ந்த ஒரு நாள், முதலில் வந்த சூப் மரக்கறி சூப்தானா என்று பரிசாரகரைக் கேட்க முனைந்ததற்காக, கண்ணியமான சபைக்கு லாயக்கற்றவர் என்று அந்த நண்பராலேயே கடிந்துகொள்ளப்பட்டு எழுந்து வெளியே போனார். அருகிலிருந்த சைவ உணவுச் சாலையும் அந்நேரம் மூடியிருந்தபடியால் அன்றிரவு பட்டினி கிடந்தார் என்று தம் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். அந்தக் காலம் மலையேறிவிட்டது. இப்போது பரிசாரகரே முந்திக்கொண்டு, "அலர்ஜி ஏதாவது உண்டா?" என்று கேட்கிறார். கேட்கிற அவரிடம் "நோ, நோ" என்று அவசரமாகத் தலையாட்டி அனுப்பிவிடுவது நம்மவர்கள்தான்.

அவர் அப்படிக் கேட்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். உணவு விற்பவர்கள் 14 பொருள்களைப் பற்றி உண்பவருக்குத் தகவல் தரவேண்டும் என்பது 2014 டிசம்பர் முதல் இங்கே விதி. நிலக்கடலை, முட்டை, பால், மீன் இவற்றோடு நம் தாளிதத்துக் கடுகும், மிளகாய்ப்பொடி எள்ளும் அந்த 14-இல் இடம்பெற்றிருப்பது நமக்கு வேடிக்கையாகத் தோன்றும். சந்தேகம் என்று சொன்னால், பிளாஸ்டிக் உறையிட்ட தாள்கள் கோத்த ஒரு ஃபைலைக் கொண்டுவந்து, பதார்த்தத்தின் பெயருக்கு நேரே கட்டம் கட்டமாகப் போட்டிருக்கும் அடையாளங்களை விரல்வைத்துக் காட்டுவார்கள். ஆனால் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் அந்த ஜாபிதாவில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கடுகைப் பற்றிச் சட்டம் பேசும். மாட்டைப் பற்றி நம் பிள்ளைதான் வாய்திறக்க வேண்டும்.

பெயரைக் கொண்டு ஊகிப்பதும் இங்கே செல்லாது. யார்க்‌ஷயர் புட்டிங் இனிப்பன்று. மாவும் முட்டையும் பாலும் கலந்து அடுப்பில் உப்பவைத்து இறைச்சியோடு பரிமாறுவது. பிளாக் புட்டிங் என்பதோ பெரும்பாலும் பன்றி இரத்தத்தில் செய்வது. கிறிஸ்துமஸ் காலத்து மின்ஸ் பை, பெயரில் இறைச்சி மணம் வீசினாலும், உலர்ந்த திராட்சைப் பூரணம் வைத்த பலகாரமே. என்றாலும் அந்தப் பூரணத்தில் மாட்டுக்கொழுப்பு சேர்ப்பதும் உண்டு. ஸ்வீட்பிரெட் என்பது ரொட்டியுமன்று, இனிப்புமன்று. கன்றின் அல்லது ஆட்டுக்குட்டியின் சுரப்பி. வடக்கே யார்க்‌ஷயர்ப் பக்கம் பல கடைகளில் உருளைக்கிழங்குச் சிப்ஸைப் பொரிப்பதே மாட்டுக்கொழுப்பில்தான். இவற்றையெல்லாம் நெட்டுருப் போடச் சொல்லவில்லை, ஒருவராலும் ஆகாது. "இஸ் தேர் எனி பீஃப் இன் திஸ்?" என்ற ஒரே வாக்கியத்தைக் கூசாமல் சொல்லத் தெரிந்தால், பாதிப் பட்டியல் தெரிந்ததற்குச் சமானம்.

நம் ஊர் இங்கிலீஷைக் கேலி செய்யும் கட்சியில் நான் சேர்ந்தவன் அல்லன். நமக்குச் சாப்பாட்டுக் கடையாக இருக்கும் ஹோட்டல் இங்கே தங்கும் விடுதி, பார்சல் என்றால் தபாலில் வருவது, கத்தரிக்காய் ஓபர்ஜீன், வெண்டைக்காய் ஓக்ரா. நம்முடைய வழக்கு நம் ஊரில் சரியே. விமானம் ஏறுமுன் மற்றதையும் தெரிந்துகொண்டால் போதும். மரியாதை விஷயம்தான் கொஞ்சம் சிக்கலானது. "தண்ணி குடுங்க" என்னும்போது நம் மரியாதை வினைச்சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதையே "கிவ் மீ வாட்டர்" என்று ஆக்கினவுடன் அந்த வால் அறுந்து, கேட்பவர் காதில் அதட்டலாக விழுகிறது. "குட் ஐ ஹேவ் சம் டேப் வாட்டர், ப்ளீஸ்?" என்று முழுதாகவே பழகிவிடுவது உத்தமம். குழாய்த் தண்ணீர் என்று பெயர் சொல்லியே கேட்கவேண்டும். வெறுமனே தண்ணீர் என்றால் காசுக்கு விற்கும் புட்டி வரக்கூடும். மது விற்கும் உரிமம் பெற்ற இடங்களில், கேட்டவருக்குக் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தரவேண்டும் என்பது 2010 முதல் இங்கிலாந்தில் நிபந்தனை.

சமையல் வேலைக்கு வருகிறவர்களுக்கோ இந்தக் கல்வி உயிர் சம்பந்தப்பட்டது. நிலக்கடலை ஒவ்வாத ஒருவர், தமக்கு அது கூடாது என்று சொல்லியே வாங்கிய கறியை உண்டு 2014-இல் வட யார்க்‌ஷயரில் மாண்டார். பாதாம் பொடிக்குப் பதிலாக விலை மலிவான நிலக்கடலைக் கலவையைப் புழங்கிய அந்த இந்திய உணவகத்தின் உரிமையாளர் 2016-இல் ஆறாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். நம் சாம்பாரில் சேரும் கூட்டுப் பெருங்காயத்தில் பல சமயம் கோதுமை மாவு கலந்திருக்கிறது. கோதுமை ஒவ்வாதவர் வந்து கேட்கும்போது அதைத் தெளிவாகச் சொல்லத் தெரியாத சமையற்காரர், எவ்வளவு கைப்பக்குவம் உள்ளவரானாலும், இந்நாட்டு அடுக்களைக்கு லாயக்கானவர் அல்லர் என்பதே என் அபிப்பிராயம்.

ஆகையால், நம் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களையும், ஓய்வுபெற்று ஊரோடு இருக்கும் இங்கிலீஷ் வாத்தியார்களையும் நான் வேண்டிக்கொள்வது இது: கடல்கடந்து செல்ல இருக்கும் பிள்ளைகளைக் கூட்டி, ஒருவனைப் பரிசாரகனாக நிறுத்தி, மற்றவர்களை உட்காரவைத்து, உரக்கக் கேட்டுப் பழக்குங்கள், நோட்டில் எழுதவைப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பெண் பிள்ளைகளையும் அழைத்து உட்காரவையுங்கள். இங்குள்ள போஜனசாலைகளின் பதார்த்தப் பட்டியல்களைச் சேர்த்து, நம் ஊர் நூலகத்தின் பெயருக்கு இந்த வாரத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பிரதி செய்துகொள்ளலாம். போதாவிட்டால் எழுதுங்கள், இன்னும் அனுப்பிவைக்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் ஊர்க்காரன்