கம்பத்து வீட்டுச் சுவரில் ஒரு பழைய கடல்

தேனிக்காரர்களுக்குப் பாறை புதிதல்ல. கூடலூரிலிருந்து போடி வரை எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். அந்த மலைகளில் கடல் சிப்பியோ மீன் எலும்போ கிடைக்குமா என்று கேட்டால், பதில் ஒரே சொல்: கிடைக்காது. நம்மூர்ப் பாறைகள் பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ் வகை. பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் கடும் வெப்பத்தில் வெந்து உருமாறியவை. ஒரு காலத்தில் கடல் சேறாகவே இருந்திருந்தாலும், அதிலிருந்த உயிரின் தடம் அந்த வேக்காட்டில் மிஞ்சாது.

ஆனால் அதே ஊரில் நீங்கள் கட்டும் வீட்டின் சுவரில் கடல் இருக்கலாம். சிமென்ட் மூட்டையைத் திருப்பி, எந்த ஊரில் தயாரானது என்று பாருங்கள். 'அரியலூர்' என்று இருந்தால், அதற்கான சுண்ணாம்புக்கல் சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலடியில் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். (விருதுநகர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் வேறு கதை. அதுவும் நம்ம மலை மாதிரி வெந்து உருமாறிய கல்தான்.)

அரியலூர், பெரம்பலூர் பகுதியை ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை கடல் பலமுறை மூடி விலகியிருக்கிறது. சாத்தனூர் கல்மரத்தைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். சுமார் 18 மீட்டர் நீளம், 1940இல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்தது. கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல்லில் தடித்த ஓட்டுச் சிப்பிகள் குவியல் குவியலாக இருக்கும். 2020இல் குன்னம் பக்கம் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது, 'டைனோசர் முட்டை' என்று வாட்ஸ்அப் முழுக்க ஓடியது. கடைசியில் அவை முட்டையே இல்லை, கடல் படிவத்தில் உருவான உருண்டைகள் என்று விளக்கம் வந்தது.

முட்டைக்கு ஓடுகிற நமக்கு அந்த மண்ணின் உண்மையான கடிகாரம் கண்ணில் படுவதில்லை. அதன் பெயர் ஃபொராமினிஃபெரா. 'துளை தாங்கிகள்' என்று பொருள். ஒரே செல் கொண்ட கடல் உயிரி. பெரும்பாலானவை கடுகைவிடச் சிறியவை. பல வகைகள் சுண்ணாம்பால் அறை அறையாக ஓடு கட்டிக்கொள்ளும். செத்தால் ஓடு கடலடிக்குப் போய்ச் சேரும். இன்றைக்கும் மன்னார் வளைகுடா மணலில் இவை உண்டு. எகிப்தின் கீசா பிரமிடுக் கற்களில் காசு போல வட்டமாகத் தெரிவதும் இதன் பெரிய வகை ஒன்றுதான்.

களிமண் பாறையை ஊறவைத்து, மெல்லிய சல்லடையில் கழுவி, காயவைத்து, நுண்ணோக்கிக்குக் கீழே ஈரத் தூரிகையால் ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்கள். சில வகைகள் குறுகிய காலமே வாழ்ந்து மறைந்தவை. அதனால் எந்த வகை இருக்கிறது என்று பார்த்தே அடுக்கின் வயதைச் சொல்ல முடிகிறது. காவிரிப் படுகையில் எண்ணெய்க் கிணறு தோண்டும்போது வரும் துகளிலும் இவற்றைத்தான் தேடுகிறார்கள். ஓட்டின் ஆக்சிஜன் அணுக்களை அளந்தால் அன்றைய கடல்நீர் எவ்வளவு சூடாக இருந்தது என்பதுகூடத் தெரியவரும். இத்தாலியின் குப்பியோவில் ஒரு மெல்லிய களிமண் அடுக்குக்கு மேலே பெரிய ஃபொராமினிஃபெராக்கள் திடீரென்று காணாமல் போயிருந்தன. அங்கே தொடங்கிய கேள்விதான், டைனோசர்களை அழித்தது விண்கல் என்ற 1980ஆம் ஆண்டு ஆய்வில் போய் முடிந்தது.

இதில் முக்கியம் ஓடு மட்டுமல்ல, அது எந்த அடுக்கில் இருந்தது என்பதும்தான். இடம் தெரியாத ஓடு, தேதி கிழிந்த கடிதம் மாதிரி. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் சிப்பியை வைக்கலாம், அடுக்கு வரிசையை வைக்க முடியாது. அது சுரங்கத்தின் வெட்டுச் சுவரில்தான் இருக்கிறது. சுரங்கம் தோண்டுவதால்தான் அந்தச் சுவர் நம் கண்ணுக்கே தெரிகிறது. கல் தீர்ந்ததும் குழியில் தண்ணீர் நிரம்பி, சுவர் சரிந்து, கதை முடிந்துவிடுகிறது.

சுரங்கத்தை மூடு என்று நான் சொல்லவில்லை. வீடு கட்டச் சிமென்ட் வேண்டும், அங்கே பிழைப்பும் அதை நம்பித்தான். என் கோரிக்கை சின்னது. ஒரு குழியைக் கைவிடும்முன், அதில் ஒரு சுவரையாவது கீழிருந்து மேல்வரை ஏறிப் பார்க்கும்படி சரிவாக வெட்டி, வேலி போட்டு விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரு பை மண், எடுத்த இடமும் உயரமும் எழுதி, ஏதாவது ஒரு அரசுக் கல்லூரியில் சேர வேண்டும். சுரங்க அனுமதியை முடித்துக் கொடுக்கும்போதே இதை நிபந்தனையாக வைக்கலாம். லட்சக்கணக்கான டன் கல் எடுக்கிற இடத்தில் சில நூறு பை மண் ஒரு செலவே இல்லை.

கம்பம், சின்னமனூர்ப் பள்ளிக்கூடங்கள் சுற்றுலாவுக்குக் கங்கைகொண்டசோழபுரம் போவதுண்டு. அதுவும் அரியலூர் மாவட்டம்தான். அந்தச் சுவர் ஒன்று நின்றால், பஸ்ஸை ஒரு மணி நேரம் அங்கே நிறுத்தலாம். கூட ஒரு பூதக்கண்ணாடி போதும்.