காரணம் கூறாத தண்டனை

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு 2019ஆம் ஆண்டில் கிடைத்தது. அப்பெயரைப் பிறர் அபகரித்தால் வழக்குத் தொடுக்கவும், இரு தரப்பாரும் தத்தம் நியாயத்தை எடுத்துரைக்கவும், தீர்ப்பு திருப்தி தராவிடில் மேல்முறையீடு செய்யவும் சட்டம் இடந்தருகிறது. ஆனால் அதே பால்கோவாவை இணையத்தில் விற்கும் ஒரு வியாபாரியின் தளமோ, ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்பவரின் தளமோ, கூகுள் தேடலில் இரவோடிரவாகப் பின்தள்ளப்பட்டால், அவர் எந்த வாசலில் போய் முறையிடுவது?

தண்டனையே கூடாதென்பது என் பக்ஷமன்று. ஒரே வாசகத்தை வைத்துக்கொண்டு, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிப் பக்கங்களைப் பெருக்குவோரும், காசு கொடுத்து இணைப்புகளை வாங்குவோரும் தேடுகிறவரை வஞ்சிப்பவர்களே. ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ மோட்டார் நிறுவனத்தின் தளத்தையே, தேடுபொறிக்கு ஒரு பக்கமும் வாசகருக்கு வேறொன்றும் காட்டிய குற்றத்துக்காக 2006இல் கூகுள் நீக்கிற்று. பிழை திருத்தப்பட்டபின் சில தினங்களில் சேர்த்தும் கொண்டது.

ஊழியர் பரிசீலித்து விதிக்கும் இவ்வகைத் தண்டனைக்கு அறிவிப்பு உண்டு, மறுபரிசீலனை மனுவும் உண்டு. 2011இல் வந்த பாண்டா, 2012இல் வந்த பெங்குவின் என்னும் மாற்றங்கள் முதலாக, எந்தத் தளம் முன்னே, எது பின்னே என்று தீர்மானிக்கும் கணக்குமுறையைக் கூகுள் மாற்றுவதால் நேரும் வீழ்ச்சிக்கோ இரண்டும் இல்லை. அது தண்டனையன்று, வரிசை மாற்றமே என்பது நிறுவனத்தின் சமாதானம். கடையில் ஆர்டர் நின்றவருக்கு இந்தச் சூக்ஷ்மத்தால் என்ன பிரயோஜனம்?

நீதி வழங்குபவரே வியாபாரியாகவும் இருப்பது இன்னும் விபரீதம். சென்னையைச் சார்ந்த மேட்ரிமோனி.காம் நிறுவனமும் கட்ஸ் என்னும் நுகர்வோர் அமைப்பும் 2012இல் தொடுத்த முறையீடுகளின்பேரில், விமானப் பயணத் தேடலில் தன் சொந்தப் பகுதியை முன்னிறுத்தியது உள்ளிட்ட காரணங்களுக்காகக் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்து, 2018 பிப்ரவரியில் இந்தியப் போட்டி ஆணையம் உத்தரவிட்டது.

கணக்குமுறையை முழுவதும் வெளியிட்டால் மோசக்காரர்கள் அதையே ஏணியாக்கிக்கொள்வர் என்பது மெய்தான். அதற்காக, இன்ன பக்கம் இன்ன விதிக்கு விரோதமென்று பாதிக்கப்பட்டவரிடம் மட்டும் தெரிவிப்பதில் என்ன இரகசியம் கெடும்? அந்த அறிவிப்பை அனுப்பவும், வரும் மனுவுக்கு ஒரு மனிதர் குறித்த தவணைக்குள் பதிலளிக்கவும் அரசாங்கம் சட்டத்தால் கட்டாயப்படுத்த வேண்டும். தவணையும், தீபாவளி வியாபாரம் கைநழுவிப் போகுமுன் தீர்கிற அளவுக்குக் குறுகியதாக இருக்கட்டும்.