நல்ல சைடர் எது?

சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், கந்தப்பளைக் கடைவீதியிலே காய்கறி வாங்கிக்கொண்டு, பனிமூட்டத்தினூடே வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். "ஐயா, கொஞ்சம் நில்லுங்கள்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். முன்னொரு காலத்தில் என்னிடம் நான்காம் வகுப்புப் படித்த பையன். இன்று இருபத்துநான்கு வயது வாலிபன். உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதியொன்றில் உணவு பரிமாறும் வேலை பார்க்கிறான்.

"நேற்றிரவு வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர், 'இங்கே நல்ல சைடர் கிடைக்குமா?' என்று கேட்டார், ஐயா. சைடர் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. விசாரித்துச் சொல்கிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். அது என்ன பானம்? நல்லது எது, மட்டமானது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

கேள்வி சிறியதுதான். விடை சொல்வதற்கு எனக்குத்தான் சற்றுத் தயக்கம். காரணத்தை வாசகர்களிடம் மறைப்பானேன்? நான் லயத்து அறையிலே பிறந்து வளர்ந்தவன். சம்பள நாளன்று மாலையில், தந்தையார் வரும் பாதையைப் பார்த்தபடி என் தாயார் இஸ்தோப்பிலே நின்றிருந்த காட்சி இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை. வரும் வழியிலே சாராயக் கடை இருந்தது. தந்தையார் வந்து சேர்வார். சம்பளத்திற் பாதி வந்து சேராது. 'குடி' என்ற சொல்லுக்குத் தமிழிலே குடும்பம் என்றும் ஒரு பொருள் உண்டு. ஒரு குடி மற்றக் குடியை விழுங்கிய கதையை மலைநாட்டில் அறியாதார் யார்? ஆகவே, குடிவகை எதனையும் புகழ்ந்து எழுத என் பேனா துணியாது. ஆயினும், பையன் தன் பிழைப்புக்காகக் கேட்கிறான். ஒன்றை அறிந்துகொள்வதால் யாரும் கெட்டுப்போவதில்லை. மேலும், சைடரின் வரலாற்றிலே நம்முடைய வரலாற்றின் சாயலும் கொஞ்சம் இருக்கிறது. அதனால் அவனுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

சைடர் என்பது அப்பிள் பழச்சாறு புளித்து உண்டாகும் பானம். பேரிக்காய்ச் சாற்றிலிருந்து செய்தால் அதற்குப் 'பெரி' என்று பெயர். அமெரிக்காவிலே 'சைடர்' என்றால் பெரும்பாலும் புளிக்காத சாறுதான்; புளித்ததை அவர்கள் 'ஹார்ட் சைடர்' என்பார்கள். பழச்சாற்றிலுள்ள இனிப்பை 'ஈஸ்ட்' என்னும் நுண்ணுயிர் உண்டு, மதுசாரமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. நம் தேயிலைத் தொழிற்சாலையிலும் கொழுந்தைப் 'புளிக்க வைப்பதாக' நாம் சொல்வதுண்டல்லவா? அது வேறு. அங்கே நசுங்கிய இலை காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து நிறமும் மணமும் மாறுகிறது, மதுசாரம் உண்டாவதில்லை. சைடரிலே நடப்பதே உண்மையான புளிப்பு. நன்கு புளித்த சைடரிலே நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்கு வரை மதுசாரம் இருக்கும்.

சைடருக்கு உகந்த அப்பிள் நாம் கடையிலே வாங்கித் தின்னும் அப்பிள் அன்று. 1903 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகருக்கு அருகே, லாங் ஆஷ்டன் என்னுமிடத்தில், சைடருக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே பார்க்கர் என்ற அறிஞர் சைடர் அப்பிள்களை நான்கு இனங்களாக வகுத்தார்: இனிப்பு, புளிப்பு, துவர்ப்பும் இனிப்பும் சேர்ந்தது, துவர்ப்பும் புளிப்பும் சேர்ந்தது. இவற்றுள் பின்னிரண்டுமே சைடருக்கு உயிர். பச்சையாகக் கடித்தால் வாயை இறுக்கிப் பிடிக்கும் அந்தத் துவர்ப்புத்தான் பானத்துக்கு உடலும் எலும்பும் கொடுக்கிறது. நம்முடைய தேநீருக்குத் துவர்ப்பைத் தரும் பொருள்களும் இதே இனத்தவைதாம். அந்த ஆராய்ச்சி நிலையம் நூறாண்டு நடந்து 2003 இல் மூடப்பட்டது. பார்க்கர் வகுத்த பிரிவு இன்றும் வழக்கில் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், பிறிஸ்டலில் வசிக்கும் என் தங்கை மகன் வீட்டிலே ஒரு குளிர்காலத்தைக் கழித்தேன். "மாமா, நீங்கள் குடிக்க வேண்டாம், வந்து பார்த்தால் போதும்" என்று சொல்லி, சமர்செட் பகுதியிலுள்ள பண்ணையொன்றுக்கு அழைத்துப் போனான். பழத்தை அரைத்து, அந்தக் கூழைத் துணியிலே மடித்து அடுக்கடுக்காக வைத்து, மேலிருந்து அழுத்திச் சாறு பிழிகிறார்கள். இலையுதிர் காலத்திற் பிழிந்த சாறு, குளிர்காலம் முழுவதும் பீப்பாயிலே மெல்ல மெல்லப் புளிக்கிறது. அவசரமில்லை. அடுத்த வசந்தத்திலோ கோடையிலோதான் அது பக்குவமாகும். பண்ணைக்கார முதியவர் சிறு கிண்ணத்தில் ஒரு வாய் ஊற்றித் தந்தார். மறுப்பது மரியாதையன்று என்று வாங்கிச் சுவைத்தேன். முதலில் முகம் சுளித்தேன். பின்பு நாவிலே ஒரு துவர்ப்பு நின்றது. சீனியும் பாலும் கலவாத, உயர்ந்த மலைத் தேநீரின் துவர்ப்பு அது. கந்தப்பளைக்காரன் நாவுக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை.

இனி, பையன் கேட்ட கேள்விக்கு வருவோம். நல்ல சைடரை அறிவது எப்படி? போத்தலின் அழகு எதையும் சொல்லாது. அதிலே எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். பிரித்தானிய வரிச் சட்டப்படி, 2010 ஆம் ஆண்டு முதல், நூற்றுக்கு 35 பங்கு பழச்சாறு இருந்தாலே அதைச் சைடர் என்று விற்கலாம். மீதி தண்ணீராகவும் சீனியாகவும் இருக்கலாம். அந்தச் சாறும் காய்ச்சிச் சுண்டிய சாறாக இருக்கலாம். ஆகவே, 'முழுச்சாறு' என்று எழுதியிருக்கிறதா என்று முதலிற் பார்க்க வேண்டும். அடுத்து, எந்த அப்பிள், எந்த ஆண்டு, யார் செய்தது என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'கிங்ஸ்டன் பிளாக்', 'டாபினெட்' போன்ற பழப் பெயர்களைக் கண்டால், செய்தவர் தம் மரங்களை அறிந்தவர் என்று கொள்ளலாம். சிறு பண்ணையாளர்கள் பெரும்பாலும் இவற்றை எழுதுவார்கள். மறைக்க ஒன்றுமில்லாதவன் விவரம் சொல்லத் தயங்கமாட்டான் அல்லவா?

நாட்டுக்கு நாடு சுவையும் வேறுபடும். இங்கிலாந்தின் ஹெரிபோர்ட், சமர்செட் பகுதிச் சைடர் துவர்ப்பு மிக்கது. பிரான்சின் நோர்மண்டிச் சைடரில் இயற்கை இனிப்பு எஞ்சி நிற்கும், மதுசாரமும் குறைவு. ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியிலே போத்தலைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்து, இடுப்பளவில் தாழ்த்திய கிண்ணத்தில் மெல்லிய தாரையாக ஊற்றுவார்கள். நம்மூர்த் தேநீர்க் கடையிலே ஆற்றிக் கொடுக்கும் காட்சிதான் நினைவுக்கு வரும். அவ்வூர்ச் சைடர்ப் பண்பாட்டை 2024 இல் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது.

இவ்வளவு புகழ் பெற்ற பானமும் ஒரு காலத்தில் நஞ்சாக இருந்தது. டெவன் பகுதியில் சைடர் குடித்தவர்கள் தாங்கொணா வயிற்றுவலியாலும் கைகால் சோர்வாலும் துன்புற்றனர். குற்றம் பழத்தில் என்றே பலரும் எண்ணினர். ஜோர்ஜ் பேக்கர் என்ற மருத்துவர் 1767 இல் உண்மையை வெளியிட்டார். சாறு பிழியும் கருவிகளிலே சேர்த்திருந்த ஈயம் புளித்த சாற்றிற் கரைந்து, குடித்தவர் உடலிற் சேர்ந்திருந்தது. பண்ணையாளர்கள் முதலிற் சீறினர், பின்னர் ஈயத்தை நீக்கினர், நோயும் நீங்கிற்று. எதிலே, யார், எப்படிச் செய்தார் என்று தெரியாத பானத்தைத் தொடக்கூடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? கசிப்பினாற் கண்ணையும் உயிரையும் இழந்தவர்களைக் கண்ட நமக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இதைவிடவும் என் மனத்தைத் தைத்த செய்தி ஒன்று உண்டு. அந்நாளில் இங்கிலாந்துப் பண்ணைத் தொழிலாளருக்குக் கூலியின் ஒரு பகுதி காசாகவன்றிச் சைடராகவே அளந்து கொடுக்கப்பட்டது. உழைப்பவனுக்குப் பானம் கிடைத்தது. அவன் வீட்டுக்குக் காசு குறைந்தது. 1887 ஆம் ஆண்டுச் சட்டம் வந்து மதுவைக் கூலியாகக் கொடுப்பதைத் தடை செய்தது. அதுமட்டுமன்று. சாறு பிழிந்து முடிந்த சக்கையிலே தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, மறுபடி பிழிந்து, ஒரு மெல்லிய பானம் செய்வார்கள். அதற்குச் 'சைடர்கின்' என்று பெயர். முதற்சாறு எசமானர் மேசைக்கு. சக்கைத் தண்ணீர் வேலையாளுக்கு.

இதைக் கேட்டதும் பையன் மெல்லச் சிரித்தான். "நம்முடைய தூள் மாதிரி என்று சொல்லுங்கள், ஐயா" என்றான்.

அவன் சொன்னது உண்மை. கடன் துண்டு என்னும் விலங்கை 1921 ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. ஆனால், கொழும்பிலே தேயிலை ஏலம் தொடங்கிய 1883 முதலே நல்ல தேயிலை மலையிறங்கிப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. கொழுந்து பறித்தவளின் அடுப்பிலே கொதிப்பது பெரும்பாலும் மிஞ்சிய தூளே. சமர்செட் சக்கைத் தண்ணீருக்கும் லயத்துச் சாயத்துக்கும் தூரம் அதிகமில்லை.

"அப்படியானால், நம்மூர்ப் பேரிக்காயிலே 'பெரி' செய்யலாமா?" என்று அவன் கேட்டான். கேள்வி நியாயமானதே. நுவரெலியா வட்டாரத்திற் பேரிக்காய் விளைகிறது. அப்பிளோ, நீண்ட கடுங்குளிர்காலம் வேண்டும் மரம். சில இரவுகளில் மட்டும் விழும் நம் உறைபனி அதற்குப் போதாது. ஆனால், மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். 1912 ஆம் ஆண்டு மதுவரிச் சட்டப்படி, அனுமதியின்றி வீட்டிலே மதுபானம் செய்வது குற்றம். 2006 ஆம் ஆண்டுச் சட்டப்படி, 21 வயது நிரம்பாதவருக்கு மதுபானம் விற்பதும் குற்றம். ஆகையால், புளிக்க வைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அதற்குப் பதில், அமெரிக்கர் முறையிலே புளிக்காத சாறு செய்யலாம். முற்றிய பேரிக்காயை நன்கு கழுவித் துருவி, சுத்தமான துணியிற் கட்டிப் பிழிந்து, ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போட்டு, ஒரு கொதி வரும்வரை சூடாக்கி, தேசிக்காய் சில துளி விட்டு, அன்றைக்கே பருகுங்கள். குழந்தைகளுக்கும் கொடுக்கலாம், தாய்மார் அஞ்ச வேண்டியதில்லை.

ஒரு வாரம் கழித்துப் பையன் என் வீடு தேடி வந்தான். "அந்தப் பெரியவரிடம் எல்லாம் சொன்னேன், ஐயா. மிகவும் மகிழ்ந்தார். 'அப்படியானால், உங்கள் ஊரின் நல்ல பானத்தைக் கொண்டு வா' என்றார். விடுதியின் உயர்ந்த தேநீரைக் கொண்டுபோய் வைத்தேன். 'இதன் சுவை எப்படியிருக்கும்?' என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் அதைக் குடித்ததே இல்லை."

சொல்லும்போது அவன் தலை குனிந்திருந்தது. அந்த மாதச் சம்பளத்திலே அதே தேயிலையில் நூறு கிராம் வாங்கும்படி அவனிடம் சொன்னேன். வாங்கினான். அடுத்த ஞாயிறு அவர்கள் லயத்துக்குப் போனேன். தண்ணீர் கொதித்தது, நான்கு நிமிடம் மூடி வைத்தோம், சீனி சேர்க்கவில்லை. முப்பது வருடம் கொழுந்து பறித்த அவன் தாயார் ஒரு மிடறு குடித்தாள். கிண்ணத்துக்குள்ளே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நாங்க பறிச்ச கொழுந்தா, வாத்தியாரையா?" என்று கேட்டாள்.

"ஆமாம், அம்மா" என்றேன். அவள் இன்னுமொரு கிண்ணம் ஊற்றிக்கொண்டாள்.

நல்ல சைடர் எது என்ற கேள்விக்கு நான் கண்ட விடை இதுதான். பழம் நல்லதாக இருக்க வேண்டும், கருவி சுத்தமாக இருக்க வேண்டும், பொறுமை வேண்டும், செய்தவர் பெயர் தெரிய வேண்டும். இவையெல்லாம் இருந்தும், உழைத்தவர் வீட்டு அடுப்பங்கரையை அது எட்டவில்லையானால், அதை நல்ல பானம் என்று சொல்ல என் நா எழவில்லை. சைடருக்கும் இது பொருந்தும். நம் தேநீருக்கும் இது பொருந்தும்.