கல்யாண மண்டபத்திலே ஒரு தூளி

"போட்டோ பிடிக்கிறவளும் தொழிலாளியா, தோழர்?" என்று மில் தோழர் ஒருவர் கேட்டார். கழுத்திலே விலையுயர்ந்த காமிரா, தோளிலே பெரிய பை, வாயிலே நாலு இங்கிலீஷ் வார்த்தை. இவளுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் அவர் கேட்டதன் பொருள். கேட்டதில் தவறில்லை. பஞ்சாலையிலும் வயற்காட்டிலும் பாடுபடுகிறவர்களுக்கு இந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆகவே அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அவசியமாகிறது.

முதலில் அவள் செய்கிற வேலை என்ன என்று பார்ப்போம்.

முகூர்த்தம் காலை ஆறு மணி முதல் ஏழரைக்குள் என்று கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கிறார்கள். போட்டோ எடுக்கிறவளுக்கோ முந்தின நாள் பிற்பகலிலேயே வேலை ஆரம்பமாகிவிடுகிறது. மாப்பிள்ளை அழைப்பு, நிச்சயதார்த்தம், இரவு வரவேற்பு என்று வரிசையாக நடக்கும். மேடையை விட்டுக் கடைசி விருந்தாளி இறங்கும்போது மணி பதினொன்று. மறுபடியும் விடியற்காலை மூன்றரைக்கு மணப்பெண் அலங்காரம். பிறகு தாலி கட்டு, பந்தி, பெண் அழைத்துப் போவது வரை ஓட்டம். ஒன்றரை நாள் நின்றபடியே வேலை. காமிரா, லென்ஸ், பிளாஷ், பாட்டரி, ஸ்டாண்டு எல்லாம் அவள் உடம்பிலேதான் தொங்குகின்றன. இன்று ஈரோடு என்றால் நாளை மறுநாள் திண்டுக்கல். அடுத்த முகூர்த்தம் தஞ்சாவூர். தூக்கம் ராத்திரி பஸ்ஸில்.

இதுவும் பருவ வேலைதான். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் மூச்சு விட நேரமிருக்காது. ஒரே முகூர்த்த நாளில் ஊரெல்லாம் கல்யாணம் வந்து குவியும். ஆடியும் மார்கழியும் வந்தால் காமிரா பீரோவுக்குள் போய்விடும். நடவுக்கும் அறுப்புக்கும் இடையே விவசாயத் தொழிலாளி வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்பது நமக்குத் தெரியும். அவள் வீட்டு அடுப்பும் அப்படித்தான். காமிராவுக்கு வாங்கிய கடனின் மாதத் தவணை மட்டும் ஆடி, மார்கழி பார்ப்பதில்லை.

இப்போது இந்தப் பெண்ணின் இடுப்பிலே ஐந்து மாதக் குழந்தை ஒன்றை வைத்துப் பாருங்கள்.

கெட்டிமேளத்தில் அமுங்கிய அழுகை

கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் தோழர் ஒருவரின் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். போட்டோ எடுக்க வந்தவள் இளம்பெண். மண்டபத்துச் சாமான் அறையில், அரிசி மூட்டைக்கும் தேங்காய்க் குவியலுக்கும் நடுவே, ஒரு கொக்கியில் தூளி கட்டியிருந்தது. பக்கத்திலே அவளுடைய தாயார் தரையில் உட்கார்ந்து கயிற்றை ஆட்டிக்கொண்டிருந்தார். அறைக்கு வெளியே வந்தவளிடம் விசாரித்தேன்.

"ஏம்மா, குழந்தையை வீட்டிலே விட்டுவிட்டு வரக்கூடாதா?"

"பால் குடிக்கிற குழந்தைங்கண்ணா. விட்டுட்டு வந்தா அதுக்குப் பசி, எனக்கு மார் கட்டிக்குது. தூக்கிட்டு வந்தா ஆர்டர் குடுத்தவங்க முகம் சுளிக்கிறாங்க. நான் எதைப் பண்றதுங்க?"

"குழந்தை இருக்கிறதென்று முன்கூட்டியே சொல்லிவிடலாமே?"

"சொன்னா வேற ஆளைப் பாத்துக்குவாங்கண்ணா. அதுதான் அம்மாவை விருந்தாளி மாதிரி முன்னாடியே உள்ளே அனுப்பிச்சுடுவேன்."

வயதான தாய்க்கு ராத்திரி பஸ். ஒரு டிக்கெட் செலவு. ஒன்றரை நாள் தூளி ஆட்டுகிற வேலை. இதற்குக் கூலி யார் கொடுக்கிறார்கள்? ஒருவருமில்லை. கல்யாண வீட்டார் ஒருத்திக்குக் கூலி கொடுத்து இரண்டு பேருடைய உழைப்பை வாங்கிக்கொள்கிறார்கள். அது அவர்களுக்கே தெரியாது.

தாலி கட்டும் நேரம் வந்தது. கெட்டிமேளம் கொட்டினார்கள். அபசகுனமான சத்தம் எதுவும் காதில் விழக்கூடாது என்பதற்காகத்தான் கெட்டிமேளம் என்று சொல்வார்கள். அந்த முழக்கத்தில் குழந்தை திடுக்கிட்டு விழித்து வீறிட்டது. அறை வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. மேடையில் யாருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்தத் தாய் நகர்ந்திருக்க முடியாது. மூன்று முடிச்சு விழுகிற அந்த அரை நிமிஷத்தைத் தவறவிட்டால் கூலியும் போகும், பெயரும் போகும். அடுத்த ஆர்டரும் வராது.

நாற்று நடும் பெண்கள் வரப்போரத்து வேப்பமரத்தில் தூளி கட்டிவிட்டுச் சேற்றில் இறங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். குழந்தை அழுதால் நிரையை விட்டு ஏற முடியாது. ஏறினால் மேஸ்திரி கத்துவான். வேப்பமரத்துத் தூளிக்கும் மண்டபத்துத் தூளிக்கும் என்ன வித்தியாசம்? ஒன்றுக்கு வெயில், மற்றதற்குப் புழுக்கம். இரண்டிலும் கிடப்பது தொழிலாளியின் குழந்தை.

சட்டம் யாரைப் பார்க்கிறது?

பாலூட்டும் தாய்க்கு வேலை இடத்தில் உரிமை உண்டு என்பது யாரோ தானமாகக் கொடுத்ததல்ல. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 1976-ல் அந்த எண்ணிக்கை முப்பதாகக் குறைக்கப்பட்டது. 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் குழந்தைக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. 1961-ல் வந்த மகப்பேறு நலச் சட்டம், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகிறவரை தினம் இரண்டு தடவை பால் கொடுக்க இடைவேளை தர வேண்டும் என்று எழுதியது. 2017-ம் ஆண்டுத் திருத்தத்தால் சம்பளத்துடன் கூடிய விடுப்பு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு, 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. தமிழ்நாட்டு அரசு ஊழியரான மாதருக்கு 2021 முதல் விடுப்பு 12 மாதம். 2005-ல் நிறைவேறிய நூறு நாள் வேலைச் சட்டத்திலே கூட, வேலைத்தளத்துக்கு ஐந்து குழந்தைகள் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்து அவளுக்கும் கூலி தர வேண்டும் என்று எழுதியிருந்தது.

இவற்றில் பல ஏட்டில்தான் இருந்தன என்பது வாஸ்தவம். ஆயினும் ஏட்டில் இருந்தால்தானே வாசலில் நின்று கேட்க முடியும்! போட்டோ எடுக்கிற தாய்க்கு அந்த ஏடும் இல்லை.

காரணம் என்ன? மகப்பேற்றுச் சட்டம் பத்துப் பேர் வேலை செய்யும் கடையையும் ஸ்தாபனத்தையும் பார்த்து எழுதப்பட்டது. இவள் ஸ்டூடியோவில் சம்பள ஆள் அல்ல. ஸ்டூடியோக்காரர் கல்யாண வீட்டாரிடம் மொத்தமாக ஒரு தொகை பேசிக்கொள்கிறார். இவளுக்கு நாள் கணக்கில் கூலி தருகிறார். அதற்கு "ஃப்ரீலான்ஸ்" என்று நாகரிகமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதாவது சுதந்திரமாகத் தொழில் செய்கிறவளாம்! மாசமாக இருந்தால் "குழந்தை பிறந்து வளர்ந்த பிறகு வாம்மா" என்று போனில் ஒரு வார்த்தை. நோட்டீஸ் இல்லை, கணக்குத் தீர்ப்பு இல்லை, கேட்க ஆள் இல்லை. சட்டப்படி ஆலையில் செய்ய முடியாத ஆள் நீக்கம், இங்கே ஒரு போன் பேச்சில் முடிந்துவிடுகிறது.

2020-ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. பழைய மகப்பேற்றுச் சட்டம் அதற்குள் அடக்கம். அமைப்பு சாராத தொழிலாளருக்கும் மகப்பேற்று நன்மைக்குத் திட்டம் வகுக்க வேண்டும் என்று அதிலே ஒரு வாசகம் இருக்கிறது. வாசகம் இருக்கிறது, தூளிக்கு அருகே ஒரு மின்விசிறி இல்லை. நம் மாநிலத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் ஏழைத் தாய்மாருக்கு 18,000 ரூபாய் அளவில் உதவித் திட்டம் இருக்கிறது. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் அது பிரசவத்தை ஒட்டிய உதவி. பிழைப்பையும் குழந்தையையும் ஒரே நேரத்தில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறவளுக்கு வேலை இடத்திலே உரிமை வேண்டும்.

மூன்று ஆட்சேபங்கள்

"காமிரா அவளுடைய சொந்தமாயிற்றே, அவள் சிறு முதலாளி அல்லவா?" என்பார்கள். சவரத் தொழிலாளிக்குக் கத்தி சொந்தம். தையல்காரருக்கு மிஷின் சொந்தம். ஆட்டோக்காரர் தவணையில் வண்டி ஓட்டுகிறார். இவர்களையெல்லாம் தொழிலாளர் என்று ஒப்புக்கொண்டு, 1982-ம் ஆண்டுத் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் நல வாரியங்கள் அமைக்கப்படவில்லையா? கருவி யாருடையது என்பதைக் கொண்டு மட்டும் தீர்மானித்துவிட முடியாது. தன் உழைப்பை நாள் கணக்கில் விற்றுத்தான் ஒருத்தி சாப்பிட முடியும் என்றால் அவள் தொழிலாளி.

"தினம் ஒரு எஜமான் மாறுகிறானே, யாரிடம் பணம் வசூலிப்பது?" என்பார்கள். கொத்தனாருக்கும் தினம் ஒரு எஜமான்தான். அதற்கு வழி கண்டுபிடித்தார்கள். 1996-ம் ஆண்டு மத்தியச் சட்டப்படி, கட்டிடச் செலவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை தீர்வை வாங்கிக் கட்டிடத் தொழிலாளர் நலநிதியில் சேர்க்கிறார்கள். புதிய தொகுப்பிலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. கட்டிடத்துக்குச் செய்ததைக் கல்யாண மண்டபத்துக்குச் செய்ய முடியாதா? மண்டப வாடகையிலே ஒரு சிறு பங்கு தீர்வையாக வந்தால் போட்டோ எடுக்கிறவளுக்கு மட்டுமா பயன்? சமையல் மாதர், எச்சில் இலை எடுக்கிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள், பூக் கட்டுகிறவர்கள் எல்லோருடைய குழந்தைகளும் அதே மண்டபத்தின் கொல்லைப்புறத்தில்தானே கிடக்கின்றன?

வேலை நிரந்தரமில்லை, ஆகவே உரிமையும் இல்லை என்ற வாதத்தை 2000-ம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது. டில்லி மாநகராட்சியில் தினக்கூலியாக வேலை பார்த்த பெண்களுக்கும் மகப்பேற்றுச் சலுகை உண்டு என்று அது தீர்ப்பளித்தது. நிரந்தர ஆள், தினக்கூலி ஆள் என்ற பேதம் கர்ப்பத்துக்குத் தெரியாது.

"குழந்தை வளரும் வரை வீட்டில் இருக்கட்டுமே" என்பது மூன்றாவது ஆட்சேபம். இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். போட்டோ எடுக்கிற ஆணுக்கும் கைக்குழந்தை இருக்கிறது. அவனிடம் யாராவது இப்படிச் சொல்கிறார்களா? இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் போட்டோகிராபர் என்று பெயர் பெற்ற ஹோமாய் வியாரவாலா (1913–2012) ஆரம்ப காலத்தில் எடுத்த படங்கள் கணவர் பெயரிலேதான் வெளிவந்தன. 2011-ல் அவருக்கு பத்ம விபூஷண் கொடுத்தார்கள். அன்று பெண்ணின் உழைப்பை ஆணின் பெயருக்குப் பின்னால் மறைத்தார்கள். இன்று தாயின் உழைப்பைச் சாமான் அறைக் கதவுக்குப் பின்னால் மறைக்கிறார்கள்.

என்ன செய்யலாம்?

கோரிக்கைகள் எளியவை. வாடகைக்கு விடும் ஒவ்வொரு கல்யாண மண்டபத்திலும் வேலைக்கு வருகிற தாய்மாருக்கென்று காற்றோட்டமுள்ள ஓர் அறை, தூளிக்குக் கொக்கி, தண்ணீர், உள்தாழ்ப்பாள் இருக்க வேண்டும். மண்டப உரிமம் புதுப்பிக்கும்போது இதைப் பார்த்துக் கையெழுத்திடட்டும். மண்டப வாடகையில் தீர்வை வாங்கி, அங்கே உழைக்கிற எல்லோருக்கும் மகப்பேற்றுக் காலக் கூலி கொடுக்கட்டும். 2015-ல் பஸ் நிலையங்களில் முந்நூற்றுக்கு மேற்பட்ட பாலூட்டும் அறைகளைத் திறந்தார்கள். அவை ராத்திரியிலும் திறந்திருக்கட்டும். ராத்திரி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தாய்க்கு, பகலில் மட்டும் திறக்கும் அறையால் என்ன பிரயோஜனம்?

சர்க்காரிடம் கேட்பது ஒரு பக்கம். நம் கையிலே இருப்பது இன்னொரு பக்கம். நம் வீடுகளிலும் கல்யாணம் நடக்கிறது. கடன் வாங்கியாவது போட்டோ எடுக்கிறோம், ஆர்டர் கொடுக்கிறோம். அந்த ஒரு நாள் நாமே எஜமான். மேஸ்திரி நம்மிடம் எப்படி நடக்கக்கூடாது என்கிறோமோ, அப்படி நாம் அவளிடம் நடக்காமல் இருக்கிறோமா?

ஆர்டர் பேசும்போதே, "குழந்தை இருந்தால் தாராளமாகக் கூட்டி வாம்மா" என்று சொல்லுங்கள். மணப்பெண் அறைக்குப் பக்கத்திலே ஓர் இடம் ஒதுக்குங்கள். மூன்று மணிக்கு ஒரு தடவை பால் கொடுக்க அவளுக்கு அவகாசம் கொடுங்கள். தாலி கட்டு மட்டும்தான் காத்திருக்காது, சம்பந்திகளோடு நின்று எடுக்கும் படம் கால் மணி நேரம் காத்திருக்கும். கடைசிப் பந்தியில் மிச்சத்தைப் போடாமல், தூளி ஆட்டுகிற தாயாரையும் சேர்த்து முதல் பந்தியிலே உட்கார வையுங்கள். பேசிய கூலியை, "ஆல்பம் வரட்டும்" என்று இழுத்தடிக்காமல் அன்றே கொடுத்துவிடுங்கள். ஸ்டூடியோக்காரர் மூலம் வந்தவள் என்றால், அவளுக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்று அவரை நாலு பேர் முன்னிலையில் கேளுங்கள்.

ஆலையிலே குழந்தைக் காப்பகம் கேட்டுப் போராடிய மாதரும், வரப்பிலே தூளி கட்டிய மாதரும், காமிராவோடு ராத்திரி பஸ் ஏறுகிற இந்தப் பெண்ணும் ஒரே வரிசையில் நிற்கிறவர்கள். தனியாக இருக்கிறவரை அவள் குழந்தையை ஒளித்துத்தான் வைப்பாள். பத்துப் பேர் சேர்ந்து பக்கத்தில் நின்றால் ஒளிக்க வேண்டியதில்லை. அடுத்த முகூர்த்தத்துக்குள் உங்கள் ஊர் மண்டபத்துக்குப் போங்கள், தோழர்களே. தூளி கட்ட ஓர் அறை இருக்கிறதா என்று முதலாளியைக் கேளுங்கள்.